அடியில் தெரியும் கோணல்



நம் பகுதிக்கு வரும் மடல்களில் பெரும்பாலானவை பிள்ளைகளின் படிப்பு, வரன் தேடும் கவலை, மாமியார் மருமகள் பிணக்கு, குடிப்பழக்கம் ஆகியவற்றைப் பற்றியவையாகவே இருக்கும். இம்மாதம் வந்த ஒரு மடலோ தையல் இயந்திரத்தைப் பற்றியது. இதற்கு மறுமொழி எழுதத்தான் வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். மடலை முழுவதும் படித்தவர்கள் அவ்வாறு எண்ண மாட்டார்கள். ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதும் அணைவதும் அந்த இயந்திரத்தையே பொறுத்திருக்கிறது.

பெயரையும் ஊரையும் விடுத்து, மடலின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறோம். எழுதிய சகோதரி இரு பிள்ளைகளின் தாய். கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டவர். மூன்று ஆண்டுகளாகக் கடின வேலை எதுவும் செய்ய இயலாதவராய் வீட்டிலிருக்கிறார். இச்சகோதரி காலால் மிதிக்கும் தையல் இயந்திரம் ஒன்றை வைத்துக் கொண்டு குடும்பத்தைக் காத்து வருகிறார். இதுகாறும் பாவாடை, சட்டை, தலையணை உறை என்று தைத்தவருக்கு, இவ்வாண்டு ஒரு வணிகர் புதிய வேலை கொடுத்தார். இரு துணிகளுக்கிடையே பஞ்சை விரித்து, மூன்றையும் சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தைக்கும் பஞ்சுப் போர்வை வேலை அது. ‘குவில்ட்’ என்று கடைகளில் சொல்கிறார்களே, அதுதான். கூலியும் முன்னதை விடக் கூடுதல்.

பன்னிரண்டு போர்வைகளைத் தைத்துக் கொடுத்தார். ஏழு திரும்பி வந்துவிட்டன. மேற்பக்கம் தையல் அழகாகவே இருக்க, அடிப்பக்கத்தில் நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கியதாம். வணிகர் துணியின் விலையையும் கூலியிற் பிடித்துக் கொண்டார். அடியிலே கோளாறு என்பதால் இவர் பாபின் பெட்டியின் திருகாணியை இறுக்கிப் பார்த்தார். கோளாறு இன்னும் மிகுந்தது. மேலும் இறுக்கினார், மேலும் மிகுந்தது. “பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடலாம்” என்று கணவரின் தமையனார் சொல்ல, கணவரும் அதற்கு இசைந்துவிட்டார். வீட்டில் இரு வாரங்களாகப் பேச்சு வார்த்தை இல்லை. “இந்த இயந்திரத்தை விற்பதுதான் இறைவனின் திருவுளமோ?” என்பது இச்சகோதரியின் கேள்வி.

சகோதரி, இறைவனின் திருவுளத்தை ஆராயும் முன்னர் இயந்திரத்தின் மேல்நூலை ஒருமுறை ஆராய்ந்து பாருங்கள் என்பதே நம் முதல் மறுமொழி. நாம் தையற்கலைஞர் அல்லோம். எனினும் பங்குப் பணியில் கழிந்த ஆண்டுகளில் அருட்சகோதரியர் நடத்தும் தையற்பள்ளிகளை அருகிலிருந்து கண்டிருக்கிறோம். இயந்திரங்களைப் பழுது பார்க்க வரும் பெரியவர்களிடம் கேள்வி கேட்டுக் கேட்டுக் கற்றிருக்கிறோம். அவர்களிடம் கற்றதையே இங்கே எழுதுகிறோம்.

தையல் எப்படி உண்டாகிறது?

கையால் தைக்கும்போது ஒரே நூல்தான். இயந்திரத்திலோ இரண்டு நூல்கள். ஒன்று மேலே நூற்கண்டிலிருந்து வருவது. மற்றொன்று அடியிலே பாபினிலிருந்து வருவது. ஊசி மேல்நூலைக் கொண்டு துணியைத் துளைத்து இறங்குகிறது. இறங்கியது சற்றே மேலெழும்போது, ஊசிக் கண்ணின் அருகே நூல் தளர்ந்து ஒரு சிறு வளையமாகிறது. அந்த நொடியில் அடியிலுள்ள கொக்கி வந்து அவ்வளையத்தைப் பிடித்து, பாபின் பெட்டியைச் சுற்றிக் கொண்டு போகிறது. அதனால் கீழ்நூல் அவ்வளையத்தினுள் அகப்பட்டுக் கொள்கிறது. உடனே மேலே ஏறி இறங்கும் நெம்புகோல் மேல்நூலைச் ‘சுருக்’கென்று இழுக்க, இரு நூல்களும் ஒன்றையொன்று கவ்விக் கொள்கின்றன.

இந்தப் பூட்டுத் தையலைக் கொண்ட இயந்திரத்திற்கு அமெரிக்க நாட்டு எலியாஸ் ஹோவே என்பவர் 1846-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1851-இல் ஐசக் சிங்கர் தம்முடைய இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அன்றிலிருந்து இன்று வரை மிதி போய் மோட்டார் வந்தது, மின்னணுப் பொறிகளும் வந்தன. ஆனால் இரு நூல்கள் ஒன்றையொன்று கவ்வும் அந்த அடிப்படை மாறவேயில்லை. இயந்திரங்களை எளிதில் ஏற்காத காந்தியடிகளும், 1924-இல் ‘யங் இந்தியா’ இதழில் வெளியான ஓர் உரையாடலில் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார். மனிதரின் வேலையைப் பறிக்காமல் மனிதரின் களைப்பைக் குறைப்பது அது என்பது அவர் கருத்து.

நிற்க. இரு நூல்களும் கவ்வும் இடம் எங்கே இருக்க வேண்டும்? துணியின் மேலும் அன்று, அடியிலும் அன்று. நடுவிலே மறைந்திருக்க வேண்டும். பஞ்சுப் போர்வையில் அது பஞ்சுக்குள் ஒளிந்திருக்கும். அவ்வாறு ஒளிந்திருக்க வேண்டுமானால், மேல்நூலை மேல்நோக்கி இழுக்கும் விசையும், கீழ்நூலைக் கீழ்நோக்கி இழுக்கும் விசையும் சமமாக இருக்க வேண்டும். இவ்விழுவிசையைத்தான் தையற்காரர்கள் ‘டென்ஷன்’ என்கிறார்கள். மேல்நூலுக்கு இதைத் தருபவை, சுருள்வில்லால் அழுத்தப்பட்ட இரண்டு சிறு வட்டத் தகடுகள். கீழ்நூலுக்குத் தருவது பாபின் பெட்டியின் பக்கத்தில் திருகாணியால் பிடிக்கப்பட்டிருக்கும் மெல்லிய தகடு.

கோணல் அடியில், குற்றம் மேலே

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருவோம். அடிப்பக்கத்தில் கண்ணிகள் தொங்கினால், தொங்குவது எந்த நூல்? உற்றுப் பாருங்கள், அது மேல்நூல். மேலே பிடித்து இழுக்கும் விசை இல்லாததால் அது தாராளமாகக் கீழே வந்து தொங்குகிறது. ஆகவே, அடியில் கோணல் தெரிந்தால் பெரும்பாலும் குற்றம் மேலே இருக்கிறது. அதுபோலவே, மேற்பக்கத்தில் கீழ்நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால், மேல்நூல் மிக இறுகியிருக்கிறது, அல்லது கீழ்நூல் மிகத் தளர்ந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

மேல்நூல் தளர்ந்து கிடக்கும் நிலையில், நீங்கள் பாபின் பெட்டியை இறுக்கினீர்கள். கீழ்நூல் முன்னிலும் வலுவாக இழுத்தது. பிடிப்பற்ற மேல்நூல் முன்னிலும் அதிகமாகக் கீழே இறங்கியது. இறுக்க இறுக்கக் கோளாறு வளர்ந்ததன் காரணம் இதுதான். இயந்திரம் கெட்டுவிட்டது என்பதற்கு இது சான்றன்று; சொன்னபடி கேட்கிறது என்பதற்கே சான்று.

சரி, மேல்நூல் ஏன் தளர்ந்தது? அதற்கான விடையை உங்கள் மடலிலேயே கண்டோம். “பஞ்சு கனமாக இருப்பதால் நூல் அடிக்கடி அறுகிறது, அறுந்தால் போர்வையை எடுக்காமல் அப்படியே நூலைக் கோத்து ஓட்டிவிடுவேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணிகள் போர்வையின் ஓரத்தில் தொடங்காமல் நடுவிலே தொடங்குகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலான இயந்திரங்களில், துணியை அழுத்தும் பாதம் கீழே இறங்கியிருக்கும்போது டென்ஷன் தகடுகள் இரண்டும் மூடிக் கொள்ளும். பாதத்தைத் தூக்கினால்தான் அவை திறக்கும். பாதம் இறங்கிய நிலையில் நூலைக் கோத்தால், நூல் தகடுகளுக்கு நடுவே புகாமல் விளிம்பிலேயே தங்கிவிடும். நூல் கோத்திருப்பது போலத் தோன்றும், பிடிப்போ இராது. நூல் அறாத ஐந்து போர்வைகள் நன்றாக அமைந்ததும், அறுந்து மறுபடி கோத்தவை கெட்டதும் இதனால்தான் என்று கருதுகிறோம்.

வரிசை தவறாமல் செய்ய வேண்டியவை

பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் நம்மிடம் சொன்ன பாடம் இது: செலவில்லாததை முதலில் செய், திருகாணியைக் கடைசியில் தொடு. அவ்வரிசைப்படியே எழுதுகிறோம். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து இயந்திரத்தின் அருகே ஒட்டி வைத்துக் கொள்ளுங்கள்.

முதலாவது: பாதத்தைத் தூக்குங்கள். மேல்நூலை முழுவதும் உருவி எடுத்துவிட்டு, நூற்கண்டிலிருந்து தொடங்கி மறுபடியும் கோத்து வாருங்கள். தகடுகளுக்கிடையே நூல் ஆழமாகப் பதிய வேண்டும். நெம்புகோலின் துளையையும் விட்டுவிடலாகாது. கோத்தபின் பாதத்தை இறக்கி நூலை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையில் பிடிப்புத் தெரிய வேண்டும். பாதத்தைத் தூக்கி இழுங்கள். நூல் தடையின்றி வர வேண்டும். இந்த வேறுபாடு தெரிந்தால் நூல் தன் இடத்தில் இருக்கிறது.

இரண்டாவது: ஊசியை மாற்றுங்கள். முனை மழுங்கிய ஊசியும் சற்றே வளைந்த ஊசியும் தையலை விடும், நூலை அறுக்கும். மெல்லிய துணிக்கு 11-ஆம் எண் ஊசி; பஞ்சு வைத்த கனத்திற்கு 14 அல்லது 16-ஆம் எண் ஊசி. சட்டை தைத்த ஊசியாலேயே போர்வையையும் தைப்பது நூல் அறுவதற்கு ஒரு முக்கிய காரணம். ஊசியின் ஒரு பக்கத்தில் நீண்ட பள்ளம் ஓடும். நூல் அந்தப் பக்கத்திலிருந்தே ஊசிக் கண்ணுக்குள் நுழைய வேண்டும். ஊசி முழுவதும் மேலேறிய பிறகே அதன் திருகைப் பூட்ட வேண்டும்.

மூன்றாவது: பாபினைப் பாருங்கள். நூல் அதில் சீராகவும் இறுக்கமாகவும் சுற்றப்பட்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருந்தால், இழுவிசை ஒரு கணம் கூடும், ஒரு கணம் குறையும். விளிம்பைத் தாண்டி நிரப்பவும் கூடாது. அவசர அவசரமாகச் சுற்றாமல் ஒரே வேகத்தில் சுற்றுவது நன்று. மேலும் கீழும் ஒரே பருமனுள்ள நூலைப் பயன்படுத்துங்கள். ஈரத்தில் கிடந்த பழைய நூற்கண்டாக இருந்தால், ஒரு முழம் நூலை எடுத்து இழுத்துப் பாருங்கள். சிறு இழுப்பிலேயே அறுந்தால் அதைப் பொத்தான் தைக்க வைத்துக் கொள்ளுங்கள், இயந்திரத்தில் ஏற்றாதீர்கள்.

நான்காவது: தூய்மை. பஞ்சு வேலையில் தூசு மிக அதிகம். ஊசித் தட்டைக் கழற்றி, பற்களின் இடையிலும் கொக்கி சுழலும் பள்ளத்திலும் அடைந்துள்ள பஞ்சைத் தூரிகையால் அகற்றுங்கள். வாயால் ஊதினால் பஞ்சு உள்ளேதான் போகும். பாபின் பெட்டியின் தகட்டுக்கு அடியில் ஓர் இழைப் பஞ்சு சிக்கினாலும் போதும், தகடு தூக்கிக் கொண்டு கீழ்நூல் தளர்ந்துவிடும். அதைக் குண்டூசியால் குத்தி எடுக்காதீர்கள், தகட்டில் கீறல் விழும்; மெல்லிய காகிதத்தின் முனையை நுழைத்து வெளியே தள்ளுங்கள். மேலேயுள்ள வட்டத் தகடுகளுக்கிடையேயும் ஒரு மெல்லிய துணியின் ஓரத்தை விட்டுத் துடையுங்கள். பிறகு கொக்கி சுழலும் பள்ளத்தில் ஒரு துளி எண்ணெய். தையல் இயந்திர எண்ணெயையே விட வேண்டும். வீட்டில் இருக்கிறதென்று தேங்காய் எண்ணெயை விடுவோர் உண்டு. அது நாளடைவில் பிசினாக இறுகி, இயந்திரத்தின் மூட்டுகளையெல்லாம் பிடித்துக் கொள்ளும். எண்ணெய் விட்டபின் கந்தல் துணியில் சிறிது நேரம் ஓட்டிவிட்டுத்தான் நல்ல துணியை வைக்க வேண்டும்.

ஐந்தாவது: இப்போதுதான் பாபின் பெட்டியின் திருகாணி. நீங்கள் பலமுறை இறுக்கியிருப்பதால் இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பாபினைப் பெட்டிக்குள் வைத்து, நூலைப் பிளவின் வழியே தகட்டின் அடியில் கொண்டு வாருங்கள். நூல் முனையைப் பிடித்துப் பெட்டியைத் தொங்க விடுங்கள். மறு கையைக் கீழே தாங்கலாக வைத்துக் கொள்ளுங்கள். பெட்டி தானாகவே சரசரவென்று இறங்கினால், திருகாணி தளர்ந்திருக்கிறது. கையை ஒருமுறை சொடுக்கினால் ஓரிரு அங்குலம் இறங்கி நின்றுவிட வேண்டும், அதுவே நடுநிலை. சொடுக்கியும் அசையாவிட்டால், இறுக்கம் அதிகம். திருகாணியை வலப்புறம் திருப்பினால் இறுகும். இடப்புறம் திருப்பினால் தளரும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. ஒரு சிறு தட்டின் மேலே வைத்துத் திருப்புங்கள். அந்தக் குட்டித் திருகாணி தரையில் விழுந்தால் தேடியெடுப்பது அரிது.

ஆறாவது: கீழ்நூல் நடுநிலைக்கு வந்தபின் அதை மறந்துவிடுங்கள். எஞ்சிய சிறு திருத்தங்களை மேலேயுள்ள டென்ஷன் குமிழைக் கொண்டே செய்ய வேண்டும். இதற்கு ஒரு சோதனை உண்டு. மேலே ஒரு நிறநூல், கீழே வேறொரு நிறநூல், இரண்டும் ஒரே பருமன். போர்வைக்குரிய அதே துணி, அதே பஞ்சு ஆகியவற்றில் ஒரு சாண் துண்டை எடுத்துத் தைத்துப் பாருங்கள். அடியில் மேல்நூலின் நிறம் தெரிந்தால் குமிழைச் சிறிது இறுக்குங்கள். மேலே கீழ்நூலின் நிறம் தெரிந்தால் சிறிது தளர்த்துங்கள். இரு பக்கமும் அதனதன் நிறமே தெரியும்போது நிறுத்துங்கள். வெறுந்துணிக்குச் சரியான நிலை பஞ்சுக்குச் சரியாகாது என்பதால், சோதனைத் துண்டில் பஞ்சு இருக்க வேண்டியது கட்டாயம். பஞ்சில்லாத் துணிக்கு இன்னொரு சோதனையும் உண்டு. துணியின் குறுக்குவாட்டில் ஒரு தையல் போட்டு, நூல் அறும்வரை இழுத்துப் பாருங்கள். மேல்நூல் மட்டும் அறுந்தால் மேலே இறுக்கம் அதிகம். கீழ்நூல் மட்டும் அறுந்தால் கீழே அதிகம்.

பஞ்சு வேலைக்கெனச் சில குறிப்புகள்

தையலைச் சற்று நீளமாக வையுங்கள். கனமான அடுக்கில் குறுந்தையல் புதைந்து சுருக்கம் விழும். பாதத்தின் அழுத்தத்தைச் சிறிது குறையுங்கள். இல்லையேல் மேல்துணி முன்னே தள்ளப்பட்டு, அடித்துணி மடிந்து கொள்ளும். போர்வையின் கனம் மேசைக்கு வெளியே தொங்கலாகாது. அந்தக் கனம் துணியை இழுக்கும்; துணி ஊசியை வளைக்கும்; வளைந்த ஊசியைக் கொக்கி தவறவிடும்; தையல் விட்டுப் போகும். பக்கத்தில் ஒரு பெஞ்சியைப் போட்டுப் போர்வையைத் தாங்கச் செய்யுங்கள். தொடங்கும்போது இரு நூல் முனைகளையும் இரண்டு மூன்று தையல் வரை விரலால் பிடித்துக் கொண்டால், அடியில் குருவிக்கூடு போலச் சிக்கல் விழாது. வளைவான பூவேலைக்காகப் பற்களை இறக்கிவிட்டுக் கையாலேயே துணியை நகர்த்துபவர்கள், வளைவுகளில் கையை வேகமாக இழுக்கக் கூடாது. கையின் வேகமும் காலின் வேகமும் ஒத்துப்போக வேண்டும். இல்லையேல் டென்ஷன் சரியாக இருந்தும் அடியில் நூல் இழுபடும்.

இந்த ஒட்டுப் போர்வைக் கலை நமக்கு அந்நியமானதன்று. வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கிக் காந்தா தைக்கிறார்கள். அண்டை மாநிலமான கருநாடகத்தில், உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் கந்தல் துணிகளைக் கொண்டு ‘கவந்தி’ என்னும் போர்வைகளைக் கையாலேயே தைக்கிறார்கள். ஆப்பிரிக்க மரபினரான இவர்களுள் கத்தோலிக்கரும் உண்டு. அவர்கள் தைக்கும் போர்வைகள் சிலவற்றில் சிலுவை வடிவம் இடம்பெறும். எறிய வேண்டிய கந்தல் ஒரு குழந்தைக்குக் கதகதப்பாகிறது. ஏழையின் கைவினைக்கு இதைவிட மேலான பெருமை ஏது?

வணிகரிடம் பேசுதல்

சகோதரி, இயந்திரம் சரியானபின் இரண்டு செயல்களைச் செய்யுங்கள். திரும்பி வந்த ஏழு போர்வைகளிலும் கெட்டுப்போன வரிகளை மட்டும் பிரித்து, மறுபடி தைத்துக் கொடுங்கள். கண்ணியாகத் தொங்கும் நூலைப் பிரிப்பது எளிது. கீழ்நூலைப் பிடித்து இழுத்தால் உருவிக் கொண்டு வந்துவிடும். பிறகு, துணிக்காகப் பிடித்த தொகையைத் திருப்பித் தரும்படி மரியாதையுடன் கேளுங்கள். கேட்பது பிச்சையன்று. துணி வீணாகவில்லை என்றால், துணியின் விலையைப் பிடிப்பதும் நியாயமன்று. உழைப்பவருக்குரிய நியாயமான கூலியை மறுப்பது பெருங்குற்றம் என்று 13-ஆம் சிங்கராயர் திருத்தந்தை 1891-இல் வெளியிட்ட ‘ரேரும் நொவாரும்’ சுற்றுமடலிலேயே போதித்திருக்கிறார். இனிமேல் ஒரு மாதிரித் துண்டைத் தைத்துக் காட்டி, வணிகரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே முழு வேலையைத் தொடங்குங்கள். அந்தத் துண்டில் ஒரு பாதி உங்களிடமும் மறு பாதி அவரிடமும் இருக்கட்டும்.

தையற்கூலி கொடுக்கும் வணிகப் பெருமக்களும் நம் இதழைப் படிக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு சொல். கெட்ட தையலை ஏற்றுக் கொள்ளும்படி நாம் கேட்கவில்லை. முதற்போர்வை வந்தவுடனே பார்த்துக் குறையைச் சொல்லியிருந்தால், எஞ்சியவை கெட்டிரா. பன்னிரண்டையும் தைக்கவிட்டுக் கடைசியில் கூலியைப் பிடிப்பது வணிகத்துக்கும் நல்லதன்று, மனச்சான்றுக்கும் நல்லதன்று.

வீட்டிலுள்ள இரு நூல்கள்

இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு எழுதினோம். உங்கள் மடலில் நம்மை அதிகம் வருத்தியது இயந்திரமன்று. இரு வாரங்களாகப் பேச்சு வார்த்தை இல்லை என்ற அந்த ஒரு வரிதான்.

‘டென்ஷன்’ என்னும் சொல் இந்நாளில் எல்லார் வாயிலும் வருகிறது. “எனக்கு ஒரே டென்ஷன்” என்று பள்ளிப் பிள்ளையும் சொல்கிறது. டென்ஷனே இல்லாத வாழ்வு வேண்டும் என்று எல்லாரும் ஏங்குகிறார்கள். தையற்காரரிடம் கேட்டுப் பாருங்கள், டென்ஷனே இல்லாவிட்டால் தையலே இல்லை என்பார். நூலைப் பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். கணவன் ஒரு பக்கம் இழுக்க, மனைவி ஒரு பக்கம் இழுக்க, இரண்டும் சமமாக இருக்கும்போது முடிச்சு உள்ளே மறைந்து போகிறது. வெளியே தெரிவது நேரான தையல் மட்டுமே. ஒருவர் தளர்ந்து மற்றவர் இறுக்கினால், அக்கம்பக்கத்தார் எண்ணிப் பார்க்கும்படி கண்ணிகள் வெளியே தொங்குகின்றன.

உங்கள் வீட்டில் கோணல் தெரிவது எங்கே? “விற்றுவிடு” என்று கணவர் சொன்ன சொல்லில். அதன் காரணம் அங்கேதான் இருக்கிறதா? எண்ணிப் பாருங்கள். நேற்று வரை சாரத்தில் ஏறி உழைத்தவர் அவர். இன்று மனைவியின் உழைப்பை நாள் முழுதும் பார்த்துக் கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கிறார். முதுகின் வலியை விட அந்த வலி பெரிது. தாம் தாங்க வேண்டிய குடும்பத்தை அந்த இயந்திரம் தாங்குகிறது. அது தடுமாறியபோது விற்றுவிடச் சொன்னார். அவரை நாம் குறைகூற மாட்டோம். அதே வேளையில், உங்கள் பக்கம் தவறு என்றும் சொல்ல மாட்டோம். அடியில் கோணல் தெரிகிறதென்று அடியையே இறுக்கியது போல, அவருடைய சொல்லுக்குச் சொல் இறுக்கிக் கொண்டே போனால் கண்ணிகள் பெருகும் என்று மட்டும் சொல்வோம்.

ஆகவே ஒரு யோசனை. மேலே எழுதிய வேலைகளில் பளு தூக்க வேண்டியது எதுவும் இல்லை. பாபினில் நூல் சுற்றுவது, பஞ்சைத் துடைத்து எண்ணெய் விடுவது, பாபின் பெட்டியைத் தொங்கவிட்டுச் சோதிப்பது, மாதிரித் துண்டைப் பார்த்துக் குமிழைத் திருப்புவது, நூல் அறுந்தால் பாதத்தைத் தூக்கி மறுபடி கோப்பது ஆகிய இவையனைத்தும் அமர்ந்தபடியே செய்யக் கூடியவை. கட்டடத்தில் தூக்குக்குண்டு பிடித்தவரின் கண்ணுக்கு ஒரு தையலின் நேர்மை தெரியாமலா போகும்? இந்தப் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். உதவியாகக் கேட்காமல், அவருடைய வேலையாகவே கொடுங்கள். இந்த இதழை அவரிடம் படித்துக் காட்டி, “நீங்கள் ஒருமுறை பாருங்களேன்” என்று சொல்லுங்கள். பேச்சு வார்த்தை தொடங்குவதற்கும் அது ஒரு வழியாகும்.

இவ்வளவும் செய்து பார்த்த பின்னரும் தையல் விட்டுக் கொண்டேயிருந்தால், கொக்கியின் முனை தேய்ந்திருக்கலாம். அல்லது ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரம் பிசகியிருக்கலாம். அதை வீட்டில் சரிசெய்ய இயலாது. அனுபவமுள்ள பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். பாபின் பெட்டியின் தகடு தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால், பாபின் பெட்டியையே மாற்றிவிடலாம். அதன் விலை ஒரு போர்வையின் துணிக்காகப் பிடித்த தொகையை விடக் குறைவாகவே இருக்கும். வாழ்வு தரும் ஒரு கருவியைப் பழைய இரும்பு விலைக்குப் போடுவது எல்லா வழிகளும் அடைபட்ட பின்னர் எண்ண வேண்டியது.

மற்றக் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பங்குகளில் எத்தனையோ வீடுகளில் சீதனமாக வந்த தையல் இயந்திரம் மேற்துணி போர்த்தப்பட்டு, அதன்மேல் ஒரு பூச்சாடியைச் சுமந்து நிற்கிறது. தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்தை நடத்தி வந்துள்ளது. அவ்வாறு பெற்ற இயந்திரங்களும் சில வீடுகளில் “நூல் அறுகிறது, தையல் விடுகிறது” என்ற காரணத்தால் மூலையில் கிடக்கின்றன. ஒரு ஊசி, ஒரு துளி எண்ணெய், ஒரு மணி நேரப் பொறுமை ஆகியவை போதும், அவற்றுள் பல மறுபடியும் ஓடும். மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை ஆகியவற்றின் உறுப்பினர்கள் வீடு சந்திக்கும்போது இதையும் கேட்டறியலாம். தையல் தெரிந்த ஒரு சகோதரியை உடன் அழைத்துச் சென்றால், அரிசி மூட்டை கொடுப்பதை விட நெடுநாள் நிற்கும் உதவி அது.

தையல் சிறிய தொழில் என்று யாரும் எண்ண வேண்டாம். திருத்தூதர் பணிகள் நூலின் 9-ஆம் அதிகாரத்தில், யோப்பா நகரத்துத் தபித்தா இறந்தபோது, அவள் தைத்துக் கொடுத்த ஆடைகளைக் கைம்பெண்கள் பேதுருவிடம் அழுது கொண்டே காட்டினார்கள் என்று வாசிக்கிறோம். அவளுடைய பேருரைகள் எவையும் அங்கே குறிக்கப்படவில்லை. ஆடைகளே அவளுக்காகப் பேசின. தையற்காரரின் பாதுகாவலரான புனித ஓமோபோனுஸ், இத்தாலியின் கிரெமோனா நகரில் துணி வணிகம் செய்த ஓர் இல்லறத்தார். அவர் 1197-இல் இறந்தார். இரண்டே ஆண்டுகளுக்குள், 1199-இல், மூன்றாம் இன்னொசென்ட் திருத்தந்தை அவரைப் புனிதராக அறிவித்தார். கத்தரியும் அளவுகோலும் கையிலேந்தியே ஒருவர் விண்ணகம் சேரலாம் என்பதற்கு அவர் சான்று. நவம்பர் 13-ஆம் நாள் அவருடைய திருநாள்.

உழைப்பாளரான புனித சூசையப்பரின் வேண்டுதலால், தையல் தைத்துப் பிழைக்கும் நம் எல்லாக் குடும்பங்களுக்கும் இறைவன் கைக்கு வலிமையும் கண்ணுக்கு ஒளியும் நியாயமான கூலியும் தருவாராக. இரு நூல்களும் சமமாய் நிற்கும் இல்லங்களில் அவருடைய அமைதி தங்குவதாக.